கல்லூரிக்குப் போகாத பெண் தேவை

1

பிறந்ததிலிருந்தே பார்வையில்லாத ஒரு பையனுக்கு, "உங்களுக்கு இந்த ஆண்டும் பார்வையில்லை என்பதற்கான சான்று இன்னும் எங்களுக்கு வந்து சேரவில்லை" என்று மின்னஞ்சல் அனுப்புவது என் வேலை. சம்பளம் வாங்கிக்கொண்டுதான் அனுப்புகிறேன். பையன் பெயர் டேனியல். வேல்ஸ் பக்கம் ஒரு மலைக்கிராமத்தில் இருக்கிறான். வாய்த்துடுக்கு ஜாஸ்தி. "மன்னிக்கவும், விடுமுறையில் எவ்வளவோ முயன்றும் பார்வை வரவில்லை" என்று பதில் எழுதினான். இதையே சான்றாக வைத்துக்கொள்ளலாமா என்று மேலிடத்தில் கேட்டேன். கூடாதாம்.

ஊரிலிருப்பவர்கள் என் வேலை என்னவென்று கேட்டால் சொல்லத் தடுமாறுவேன். பர்மிங்காமில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை என்றால் பெரிய கட்டடமும் புல்வெளியும் நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் மாணவர்களுக்குக் கட்டடமே கிடையாது. பாடம், வகுப்பு, தேர்வு எல்லாம் அவரவர் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால்தான். அவர்களில் கண், காது, கை, கால் என்று ஏதாவது ஒன்றில் குறையுள்ளவர்களுக்கு வேண்டியதைப் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். பாடத்தில் வரும் படத்தை வார்த்தையாக எழுதித் தருவது, பேராசிரியர் பேசும்போது அடியில் ஓடும் எழுத்தைத் திருத்துவது, தேர்வில் கூடுதல் நேரம் வாங்கித் தருவது, இப்படி. "வூட்லயே குந்திக்கிட்டுப் படிக்கிறதுதானே, அவங்களுக்கு இன்னும் சவுரியமில்ல?" என்பான் தர்மபுரியிலிருக்கும் என் தம்பி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன வாரம் டேனியலின் தேர்வு பாதியில் நின்றுபோனது. காப்பி அடிக்கிறார்களா என்று கேமரா வழியாக ஒரு மென்பொருள் பார்த்துக்கொண்டே இருக்கும். கண் திரையை விட்டு விலகினால் அதற்குச் சந்தேகம். டேனியலின் கண் என்றைக்குத் திரையில் நின்றது? போதாக்குறைக்கு அறையில் இன்னொரு குரலும் கேட்டிருக்கிறது. அது அவன் அம்மா. கேள்வித்தாளில் ஒரு வரைபடம் விளக்கம் எதுவுமில்லாமல் வந்துவிட, அவன் கூப்பிட்டிருக்கிறான், அவர் வந்து படித்துச் சொல்லியிருக்கிறார். முறைகேடு என்று பதிவாகிவிட்டது.

விளக்கம் கேட்க அந்த அம்மாளிடம் திரையில் பேசினேன். இது முதல் தடவை இல்லை என்றார். எங்கள் பாடங்களில் பாதி, இவன் கம்ப்யூட்டர் எழுத்தை உரக்க வாசித்துக் காட்டுகிற மாதிரி வருவதில்லை. எல்லாவற்றையும் அவர்தான் வாசிக்கிறார். நர்ஸ் படிப்பில் சேர்ந்திருந்தாராம், மகன் கல்லூரியில் சேர்ந்ததும் நிறுத்திவிட்டாராம். "அது ஒன்றுமில்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். அந்த ‘ஒன்றுமில்லை’யைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர்மேல் இல்லை.

மறுநாள் கூட்டத்தில், டேனியலுக்குச் சம்பளத்துக்கு ஒரு வாசிப்பாளரை அமர்த்த வேண்டும் என்று சொன்னேன். பதற்றத்தில் எனக்கு ஆங்கிலம் தமிழாகிவிடும். ‘கண் தெரியாத பிள்ளை’ என்பதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டுவிட்டேன். கூட்டம் முடிந்து மேலாளர் என்னைத் தனியாக அழைத்து, அப்படிச் சொல்லக் கூடாது, பார்வைச் சவால் உள்ள மாணவர் என்று சொல்ல வேண்டும் என்று பரிவோடு எடுத்துச் சொன்னார். வாசிப்பாளர் விஷயம் குழுவின் பரிசீலனையில் இருக்கிறது. சொல் மட்டும் உடனே திருத்தப்பட்டுவிட்டது.

2

இதையெல்லாம் எழுத உட்கார்ந்தது டேனியலால் மட்டுமில்லை. அந்த வாரக் கடைசியில் என் திருமண நாள் வந்தது. என் கணவர் இறந்து இது இரண்டாவது வருடம். இந்த நாளில் எனக்குத் தவறாமல் ஃபோன் செய்கிறவர் ஒரே ஒருவர், பாப்பிரெட்டிப்பட்டி பூங்கொடியக்கா. என் பிள்ளைகளுக்கு இந்தத் தேதி நினைவிருப்பதில்லை. அக்கா பேசியதைச் சொல்ல வேண்டுமென்றால், முதலில் அக்காவைச் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி அவர்கள் வீடு. அக்காவுக்குப் பன்னிரண்டு வயதில் காய்ச்சல் வந்து பார்வை போனது. அதன் பிறகு திருச்சியில் பார்வையற்றோர் பள்ளியில் தங்கிப் படித்துப் பள்ளிப்படிப்பை முடித்தார். திரும்பி வந்தபோது அம்மா இறந்துபோயிருந்தார். அப்பாவுக்கு வயசாகிவிட்டது. அண்ணன் சித்தேரி மலைமேல் புளியும் கடுக்காயும் வாங்கி விற்றுக்கொண்டு அங்கேயே குடும்பத்தோடு இருந்தார். விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்க வைக்க யாரும் தயாராக இல்லை. அப்போதுதான் அஞ்சல்வழிப் படிப்பு என்று ஒன்று பரவலாகிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்தே பட்டம் வாங்கலாம், பாடம் தபாலில் வரும். அக்கா வரலாறு எடுத்தார்.

தபாலில் பாடம் வந்தது. பழுப்புக் கவரில், மங்கலாக அச்சடித்து. அதை யார் வாசிப்பது என்று பல்கலைக்கழகமும் யோசிக்கவில்லை, விண்ணப்பம் போட்ட அக்காவும் யோசிக்கவில்லை. தபால்காரர் கவரைக் கையில் கொடுத்துவிட்டுப் போக, அக்கா அதைத் தடவிப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றார். பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்த என்னைக் காலடிச் சத்தத்தில் கண்டுபிடித்துக் கூப்பிட்டார்.

"மும்தாசு, இது என்னான்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லு புள்ள."

நான் அப்போது பிளஸ் ஒன். ஒரு பக்கம் படித்துக் காட்டிவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

3

என் அப்பாவை நாங்கள் அத்தா என்போம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பூட்டு, குடை, டார்ச் லைட் விற்கிற, பழுது பார்க்கிற கடை வைத்திருந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் பாய். நான் தினமும் அக்கா வீட்டுக்குப் போய் வாசிப்பதைப் பார்த்து, யாரோ பழுதுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்காமல் போன ஒரு டேப் ரெக்கார்டரைச் சரிபண்ணிக் கொடுத்தார். "ஒரு தடவ படி, அது நூறு தடவ படிக்கட்டும்" என்றார். அதன் பிறகு நான் கேசட்டில் படித்துக் கொடுத்தேன். அக்கா அதைப் போட்டுப் போட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தார்.

ஒரு தப்பு நடந்தது. பாடம் படிக்கும்போது என்னால் சும்மா இருக்க முடியாது. தலைநகரத்தை மாற்றி மாற்றி ஜனங்களை நடக்கவிட்ட அரசனைப் பற்றி வாசிக்கையில், "இவனுக்கு வேற வேலையே இல்லீங்க்கா" என்று நடுவில் சொல்லிவைத்திருக்கிறேன். அதுவும் பதிவாகியிருக்கிறது. நூறு தடவை கேட்ட அக்காவுக்கு எது பாடம், எது மும்தாஜ் என்று பிரிக்க முடியாமல் போனது. பின்னால் தேர்வில் நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுத, அக்கா கணீரென்று சொல்லிக்கொண்டே வந்தவர், "இம்மன்னனுக்கு வேறு வேலையே இல்லை. முற்றுப்புள்ளி" என்றார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்காணிப்பாளர் எழுந்து வந்துவிட்டார்.

தேர்வில் நான் எப்படி எழுதினேன் என்பதுதான் இந்தக் கதையே. பார்வையில்லாதவர் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஒருவர் கல்லூரியில் கால் வைத்திருக்கக் கூடாது. பிளஸ் டூவுக்கு மேல் படித்தவர் எழுதினால், சொல்கிறவருக்குத் தெரியாததையும் சேர்த்து எழுதிவிடுவாராம். நியாயமான பயம்தான். ஆனால் பட்டப் படிப்புக் கேள்விக்கு மூன்று மணி நேரம் பிழையில்லாமல், வேகமாக எழுதத் தெரிந்திருக்க வேண்டும், கல்லூரி வாசலையும் மிதித்திருக்கக் கூடாது, தேர்வு நாட்களில் எல்லாம் தர்மபுரிக்கு பஸ் ஏறி வரவும் வேண்டும், அதுவும் பெண்ணாக இருக்க வேண்டும் என்றால், பாப்பிரெட்டிப்பட்டியில் எத்தனை பேர் அகப்படுவார்கள்? முதல் வருடம், நான் சின்னப் பெண் என்று, தூரத்து உறவில் ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார்கள். அக்கா சொன்னதில் பாதியைத்தான் எழுத முடிந்தது. இரண்டு பேப்பர் போயிற்று. இரண்டாம் வருடம் நான் பிளஸ் டூ. அந்த இரண்டையும் சேர்த்து நான்தான் எழுதினேன். எல்லாம் பாஸ்.

அக்காவுக்கு எங்கே மூச்சு வாங்கும், எங்கே வாக்கியத்தைத் திருத்துவார் என்று எனக்குப் பழகியிருந்தது. அவருக்கும் என் பேனா ஓடுகிற சத்தம் பழகிவிட்டது. நான் பின்தங்கினால் நிறுத்துவார். இது இரண்டு பேர் சேர்ந்து சைக்கிள் ஓட்டுகிற மாதிரி, பழகினால்தான் வரும்.

4

பிளஸ் டூவில் எனக்கு நல்ல மதிப்பெண். சேலத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் கல்லூரிக்குப் போனதில்லை. அத்தாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கேட்காமலேயே சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு அது கடைசி வருடம். அண்ணன் மலையிலிருந்து இறங்கி வந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். "இந்த வருசத்தோட செரி. பாஸானா வேலைக்கு எழுதிப் போடு. இல்லீன்னா மேல வந்து எங்கூட இரு, கொழந்தைங்களப் பாத்துக்கிட்டாப்புல ஆவும்." மலைக்குப் போனால் அக்கா திரும்பி வரப் போவதில்லை என்று எங்கள் தெருவுக்கே தெரியும். பட்டம் வாங்கினால் ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் அரசு வேலை. வாங்காவிட்டால் அண்ணன் வீட்டுப் பின்கட்டு.

நான் கல்லூரியில் சேர்ந்தால் அந்த வருடத் தேர்வை நான் எழுத முடியாது. வேறு யாரையாவது பழக்கினால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. இரண்டு பெண்களைக் கேட்டோம். ஒருத்தி வீட்டில் தர்மபுரிக்கு அனுப்பமாட்டோம் என்றார்கள். இன்னொருத்திக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எடம் கெடைக்கலீங்க்கா. அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று அக்காவிடம் சொன்னேன். அத்தாவிடம், இந்த வருடம் போகவில்லை என்று மட்டும் சொன்னேன். போகச் சொல்லிப் பார்த்தார், கத்தவில்லை. கல்லூரி திறந்த பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான்.

தியாகம் என்று பெரிதாக நினைக்காதீர்கள். எனக்கு அந்த வயதில் அப்படியெல்லாம் மனசு கிடையாது. யாராவது ஒருவர், "நீ போ, அக்காவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டார்களா என்று அந்த மாதம் முழுவதும் காத்திருந்தேன். சொல்லியிருந்தால் அன்றைக்கே பெட்டியோடு பஸ் ஏறியிருப்பேன். பெட்டியைக்கூடத் துடைத்து வைத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. கல்லூரி திறந்துவிட்டது.

அடுத்த கோடையில் தேர்வு எழுதினோம். அக்கா பாஸாகிவிட்டார். பிறகு பி.எட்., பிறகு அரூர் பக்கம் அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியை. ஓய்வு பெறும்வரை நின்று, மிரட்டிப் பாடம் நடத்தினார். பிள்ளைகளைத் தூங்கவிடாமல் பாடம் நடத்துகிறவர் என்று பெயர்.

தேர்வு எழுதிய அந்தக் கோடையிலேயே எனக்கு வரன் வந்தது. பையன் இங்கிலாந்தில் தொழிற்சாலையில் லேத் வேலை. அடுத்த வருடம் கல்லூரி என்று நான் சொன்னதை அத்தா காதில் போட்டுக்கொள்ளவில்லை. "போன வருசமே படிக்கச் சொன்னா போவல. இனிமேலா போவப்போற?" என்றார்.  அப்படித்தான் நான் இந்த நாட்டுக்கு வந்தேன்.

5

வந்த கதை வேறு. எல்லோரும் எழுதிவிட்டார்கள், குளிரைப் பற்றியும் காரமில்லாத சாப்பாட்டைப் பற்றியும். என் கணவர் நல்ல மனிதர். அதிகம் பேசமாட்டார், அதிகம் தடுக்கவும் மாட்டார். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு டைப்பிங், பிறகு அலுவலக வேலை, நாற்பதைத் தாண்டி அஞ்சல்வழியில் ஒரு பட்டம். பட்டம் வாங்கிய அன்று அந்தத் தாளை அத்தாவுக்குக் காட்ட முடியவில்லை. அதற்குச் சில மாதம் முன்னால் போய்விட்டார். அது என்றைக்கும் ஆறாது.

பையன் எடின்பரோவில் இருக்கிறான், விசேஷங்களுக்குச் செய்தி அனுப்புகிறான். மகள் பக்கத்து ஊர்தான், வாரக் கடைசியில் வந்து தங்குவாள். அவளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்கத் தெரியாது. இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது எட்டிப் பார்த்து, "என்னைப் பற்றி ஏதாவது எழுதுகிறாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். உன்னைப் பற்றியும்தான் என்றேன். சரி என்று போய்விட்டாள். என்ன என்று கேட்கவில்லை. பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு பிரிந்து போவதில்லை. இப்படித்தான், சரி என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போகிறார்கள்.

6

திருமண நாளன்று மதியம் அக்காவின் ஃபோன் வந்தது. வழக்கம்போல முதலில் மழை, பிறகு தக்காளி விலை, பிறகு தன் முழங்கால் வலி. நான் டேனியலைப் பற்றிச் சொன்னேன், அவன் அம்மா நர்ஸ் படிப்பை விட்டதையும், அவர் ‘ஒன்றுமில்லை’ என்றதற்கு எனக்குக் கோபம் வந்ததையும் சொன்னேன். எப்போதும் குறுக்கே பேசுகிற அக்கா முழுவதையும் கேட்டார். 

"மும்தாசு, உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும். உங்கூட்டுக்காரரு இருந்த வரைக்கும் சொல்ல வாய் வரல. சொன்னா உன் கல்யாணத்தையே தப்புன்னு சொன்னாப்புல ஆயிடும்."

"என்னங்க்கா?"

"உனக்கு சேலத்துல எடம் கெடைச்சது எனக்குத் தெரியும். அப்பவே தெரியும்."

சிரித்தேன். இத்தனை வயதில் அதற்கென்ன என்றேன்.

"கேளு. கேட்டுட்டு அப்புறம் சிரி. உங்கத்தா எங்கூட்டுக்கு வந்தாரு. கடையச் சாத்திட்டு வந்து நின்னாரு. ‘நான் சொன்னா மொண்டு பண்றாம்மா. நீ சொன்னா கேப்பா. நீ போ புள்ளன்னு ஒரு வார்த்த சொல்லு. எழுதறதுக்கு நான் எங்கியாச்சும் ஆளப் பாத்துத் தர்றேன். நான் வந்தது அவளுக்குத் தெரிய வேணாம்’னாரு. நான் செரிங்க பாய், சொல்றேன்னு சொன்னேன்."

  அக்கா நிறுத்தாமல் மேலே சொன்னார்.

"சொல்லல. நீ தெனமும் வந்த. ஒவ்வொரு நாளும் இன்னிக்கிச் சொல்லிடலாம்னு நெனப்பேன். சொன்னா நீ போயிடுவேன்னு தெரியும். உங்கத்தா வேற ஆளப் பாத்துத் தருவாருன்னு எனக்கு நம்பிக்கையில்ல. மலைக்குப் போவ முடியாது என்னால. அதனால சொல்லல. காலேஜி தொறக்கற வரைக்கும் வாய மூடிக்கிட்டு இருந்தேன். உங்கத்தா நான் சொல்லியும் நீ கேக்கலன்னு நெனச்சுக்கிட்டாரு."

அத்தா என்னோடு பேசாமலிருந்த அந்த இரண்டு நாளும், வரன் வந்தபோது அவர் சொன்னதும் அப்போதுதான் எனக்கு விளங்கின. நான் யார் சொன்னாலும் கேட்காத பெண் என்று நினைத்துக்கொண்டுதான் அவர் கண்ணை மூடியிருக்கிறார். நான் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அந்த வார்த்தையை அவர் கொடுத்து அனுப்பியிருக்கிறார். நான்கு வீடு தள்ளி அது நின்றுபோயிருக்கிறது.

"பரவால்லீங்க்கா" என்றேன். என் வாய் அதைத்தான் சொன்னது. "உங்களுக்கு வேற வழி இல்ல. விடுங்க. ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லையா? பொய் சொல்லாத. அந்தப் பையனோட அம்மா ஒண்ணுமில்லைன்னதுக்கு உனக்குக் கோவம் வந்துச்சுன்னு இப்பத்தான சொன்ன?"

அக்கா விடவில்லை.

"எனக்கு யாரும் கோவமா பேசினதே இல்ல மும்தாசு. எங்கண்ணன்கூட அதட்டுவானே தவிர, பதிலுக்குப் பதில் சண்டைன்னு போட்டதில்ல. பள்ளிக்கூடத்துல நான் தப்பு செஞ்சாலும் மத்த வாத்தியாருங்க பரவால்லீங்க டீச்சர்னுதான் சொல்லுவாங்க. கண்ணு தெரியாதவகிட்ட என்ன சண்டைன்னு விட்டுருவாங்க. நீயும் அப்பிடியே விட்டுடாத. உன் படிப்ப நான் எடுத்துக்கிட்டேன். தெரிஞ்சேதான் எடுத்துக்கிட்டேன். திரும்ப அந்த நெலம வந்தாலும் எடுத்துக்குவேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தில் என் பொறுமை உடைந்தது. நான் கத்தினேன். அத்தாவைச் சொல்லிக் கத்தினேன். துடைத்து வைத்த பெட்டியைச் சொன்னேன். பர்மிங்காமின் முதல் குளிர்காலத்தில், பக்கத்து வீட்டுக்காரி பேசுவது ஒரு வார்த்தைகூடப் புரியாமல் சமையலறைக் குழாயடியில் நின்று அழுததைச் சொன்னேன். நாற்பது வயதுக்கு மேல் பிள்ளைகளின் பழைய பென்சிலை வைத்துக்கொண்டு அடுப்பங்கரையில் படித்ததைச் சொன்னேன். ஒரு வார்த்தைதானே, அதைச் சொல்லிவிட்டு, போகாதே என்று என்னிடமே கெஞ்சியிருக்கலாமே, நானே இருந்திருப்பேனோ என்னவோ, முடிவு செய்ய எனக்கு விட்டிருக்கலாமே என்று கேட்டேன். அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், ‘ங்க’ இல்லாமல் பேசினேன், வாழ்க்கையில் முதல் தடவையாக.

மகள் அடுத்த அறையிலிருந்து ஓடிவந்து வாசலில் நின்றாள். நான் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. யார், என்ன ஆயிற்று என்று கண்ணாலேயே கேட்டாள். நான் கையால் இரு என்று காட்டினேன். அவள் போகாமல் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

எனக்கு மூச்சு வாங்கியது. ஃபோனின் அந்தப் பக்கம் அக்கா ஒரு வார்த்தைகூடக் குறுக்கே பேசவில்லை. பாடம் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். நான் நிறுத்தியதும் கேட்டார்.

"இன்னும் இருக்குதா?"

"இருக்கு."

"சொல்லு புள்ள. நான் எங்கியும் போவல."